கேட்க வாய் வரலையே!

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியிலே வீற்றிருக்கும் நண்பர்களே! நாமக்கல் மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே!

வாடகைக் காரில் போகிறவர் டோல்கேட்டுக்காகக் கூடுதலாகக் காசு இழப்பது யாரால்? வண்டி கொடுப்பவராலா, எடுப்பவராலா? எதிரணித் தம்பி, 'கொடுக்கிறவர்தான் ஏமாத்துறார்'னு கண்ணீர் விட்டுட்டுப் போனார். நான் சொல்றேன், எடுக்கிறவர்தான் காரணம்! (கைதட்டல்)

இது லாரி ஊருங்க. லாரி ஒரு நடை போயிட்டு வந்தா டீசல் எவ்வளவு, டோல் எவ்வளவு, டிரைவர் படி எவ்வளவுன்னு முதலாளி ஒரு ரூபா விடாமப் பார்ப்பார். அதே முதலாளி மகன் கல்யாணத்துக்கு வாடகைக் கார் எடுப்பார். திருப்பி விடும்போது, 'டோல் தனிங்க, எழுநூறு ரூபா'ம்பாங்க. 'சரிப்பா'ன்னு எடுத்து நீட்டிடுவார். (சிரிப்பு) கணக்குக் கேட்டா கௌரவம் போயிடுமாம்!

சேலத்திலேருந்து பவானி போறீங்க. வழியிலே வைகுந்தம் டோல்கேட். ஒரு தடவைக்கு 100 ரூபான்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். கூடுதுறையிலே குளிச்சுட்டு 24 மணி நேரத்துக்குள்ளே திரும்பிட்டா, போக வர ஒண்ணரை மடங்குதான் கட்டணம். திரும்பும்போது ஃபாஸ்டேக்கிலே 50 ரூபாதான் கழியும். அந்த மெசேஜ் யாருக்கு வரும்? வண்டிக்காரர் போனுக்கு! அவர் 'போக நூறு, வர நூறு'ன்னா கொடுத்துட்டு வர்றோம். கத்தரிக்காய்க்காரர்கிட்டே ரெண்டு ரூபாய்க்கு அரைமணி நேரம் பேசுற வீட்டம்மாவும் பக்கத்திலேதான் நிக்கிறாங்க. 'அந்த மெசேஜைக் காட்டுங்க'ன்னு கேட்க யாருக்கும் வாய் வரலே! (பலத்த சிரிப்பு)

வண்டி எடுக்கும்போது என்ன பார்க்கிறோம்? ஏ.சி. ஓடுதா, பாட்டுப் பாடுதா! ஃபாஸ்டேக்கிலே பணம் இருக்கான்னு பார்த்தோமா? அது வேலை செய்யலேன்னா, 2025-லே ரொக்கமாக் கட்டினா ரெண்டு மடங்குன்னு இருந்துச்சு. 2025 நவம்பர் 15 முதல், போன் வழியாக யு.பி.ஐ.யிலே கட்டினா ஒண்ணேகால் மடங்கு. 100 ரூபா இடத்திலே 200 கட்டறதா, 125 கட்டறதான்னு யோசிச்சோமா? இது தெரியாம அப்போ ரொக்கத்தை நீட்டினோமே, அதுக்கும் வண்டிக்காரரா பொறுப்பு?

தம்பி கேட்டார், '3000 ரூபாய்க்கு வருஷ பாஸ் வந்துச்சே, அதைப் போடக் கூடாதா?'ன்னு. 2025 ஆகஸ்ட் 15-லே வந்த அந்தப் பாஸ் சொந்தக் காருக்கு மட்டும்தான் தம்பி! கறுப்புப் பலகையிலே மஞ்சள் எழுத்துப் போட்ட வாடகை வண்டிக்குக் கிடையாது. ஆனா ஒண்ணு. தெரிஞ்சவர்னு வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுக்கிறோமே, அது சட்டப்படியே தப்பு. விபத்துன்னா இன்சூரன்ஸும் சிக்கல். அந்தக் காரிலே பாஸ் இருந்தா தேசிய நெடுஞ்சாலை டோலிலே பணமே கழியாது. அதுக்கும் நம்மகிட்டே டோல் காசு! அதையும் கொடுக்கிறோம்! (கைதட்டல்)

அட, வழியாவது கேட்கிறோமா? சேலத்திலேருந்து திருச்செங்கோட்டுக்குச் சங்ககிரி சுத்திப் போனா வைகுந்தம் குறுக்கே வரும். ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் வழியாப் போனா அந்த டோலே இல்லே. மிச்சமான காசுக்கு ஆட்டையாம்பட்டி முறுக்கு வாங்கலாம்!

நடுவர் ஐயா மணியிலே கை வச்சுட்டார். நல்ல தீர்ப்பா எங்க பக்கம் சொல்லிடுங்க ஐயா, முறுக்கிலே பாதி உங்களுக்கு. (சிரிப்பு)