கடலைக் காக்கும் கமிட்டியில் கடலோடிக்கு இடம் எங்கே?

(ஒரகடத்தில் ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காரும் டயரும் செய்கிற ஊரில் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாடகை அறையில் தங்கி ஷிப்ட் பார்க்கும் வாலிபர்களில் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரப் பிள்ளைகளும் உண்டு. கடலில் மூழ்கிப் பாசி எடுத்த காசில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் அந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்களுடைய விஷயத்தைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் அந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல் தேசியப் பூங்கா என்று சர்க்கார் அறிவித்தது. காக்க வேண்டிய கடல்தான். அதில் நமக்குத் தகராறு இல்லை. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் என்று பவளப்பாறையை வருஷக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். வெட்டியது கூலிக்காரன் கை. லாபம் போனது வேறு பைக்கு. அலையைத் தடுத்த பாறை போனதும் தீவுகள் கரைய ஆரம்பித்தன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன.

பூங்கா வந்தது. அதே கடலில் பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த பெண்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். அவர்கள் வேலை எப்படிப்பட்டது? சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. பாறை அறுக்காமல் இருக்க விரல்களில் துணிச் சுற்று. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. மூச்சை அடக்கி மூழ்குவார்கள். காற்றுக் குழாய் கிடையாது. மரிக்கொழுந்து என்ற பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். அது மிட்டாயிலும் மருந்திலும் சேருகிறது. இன்னொரு பாசியின் பசை துணி அச்சுச் சாயத்துக்குப் போகிறது. பஞ்சாலைத் தோழர்களே, நம் கையில் பட்ட சாயத்தில் அந்தப் பெண்களின் மூச்சும் கலந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தீவருகே போனால் பயம்: படகு பறிபோகும், பாசி பறிபோகும், அபராதம் விழும்.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அழுதுகொண்டு உட்காரவில்லை. ஊர் ஊராகக் கூடிப் பேசித் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது. இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை, கையால்தான் பறிப்பது. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியும் எடுப்பதில்லை. நாள் குறைந்தால் வருமானம் குறையும் என்று தெரிந்தே போட்ட கட்டுப்பாடு இது. எந்த இலாகாவும் எழுதிக் கொடுத்ததல்ல. அவர்களை முன்னின்று நடத்திய பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் தீவுகளின் பாதுகாப்புக்கான சீக்காலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. அயல்நாட்டுக்குத் தெரிந்தது!

இன்னொரு பாசியின் கதையையும் கேளுங்கள். கப்பாபைகஸ் என்ற அந்நிய நாட்டுப் பாசியைக் குளிர்பானம் விற்கும் ஒரு பன்னாட்டுக் கம்பெனி பாக் விரிகுடாக் கரையில் பயிரிட வைத்தது. அது குருசடைத் தீவுப் பக்கம் பரவிப் பவளத்தை மூடிக்கொண்டதை 2008-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளிறிச் செத்தது. அந்தச் சூட்டைக் கிளப்பியது பாசிப் பெண்ணின் மூச்சா?

2002-ல் ஐக்கிய நாடுகள் உதவியோடு ஒரு திட்டம் வந்தது. கிராமங்களில் கமிட்டி அமைத்துக் கடன் கொடுத்தார்கள். கடன் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு எடுக்கலாம் என்ற முடிவு அந்தக் கமிட்டிகளிடம் வரவில்லை.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்ற கடற்பசுவுக்குக் காப்பகமாக அறிவித்தார்கள். இந்த வகைக் காப்பகத்துக்குச் சட்டம் கொஞ்சம் மேல். ஊராரைக் கலந்துகொண்டே அறிவிக்க வேண்டும். நிர்வாகக் கமிட்டியில் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஓர் இடம் உண்டு. வனத்துறைக்கு இடம் உண்டு, விவசாய இலாகாவுக்கு உண்டு, கால்நடை இலாகாவுக்கும் உண்டு. மீன்துறையின் பெயரும் இல்லை, மீனவர் சங்கத்தின் பெயரும் இல்லை! கடற்பசு என்றதும் கால்நடை இலாகாவைக் கூப்பிட்டுவிட்டார்கள் போலும். நிலத்துக்கு எழுதிய சட்டத்தைக் கடலில் இறக்கினால் இப்படித்தான். வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை கிழிந்தாலும் சரியென்று அறுத்து விட்ட மீனவர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள். வனத்துறையே அவர்களுக்குப் பரிசு கொடுத்திருக்கிறது. பரிசு கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு நாற்காலி போடத் தெரியவில்லை.

இது நமக்குப் புதிதா? போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகுதான், 1987-ல், அபாயத் தொழில் நடக்கும் ஆலைகளில் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும், அதில் தொழிலாளியும் நிர்வாகமும் சரிபாதி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மிஷின் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் அதன் சத்தம் மாறுவது முதலில் கேட்கும். 2024-ல் இதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரத்தில், சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் சங்கத்தை அங்கீகரித்து எங்களோடு பேசு என்பதுதான் அதில் பிரதானக் கோரிக்கை. பாசிப் பெண்கள் கேட்பதும் அதைத்தான்.

அவர்கள் போட்ட பன்னிரண்டு நாள் கட்டுப்பாட்டைச் சர்க்கார் விதியாக எழுதட்டும். அதன்படி நடப்பவர்களின் படகைப் பறிப்பதை நிறுத்தட்டும். தீவுகளைப் பற்றி முடிவெடுக்கும் கமிட்டியில் பாசிப் பெண்களும் நாட்டுப்படகு மீனவர்களும் பாதிக்குக் குறையாமல் உட்காரட்டும். பொங்கலுக்கு ஊர் போகும் தஞ்சை, புதுக்கோட்டைத் தோழர்கள், ஆவுளியாக் காப்பகக் கமிட்டியில் உங்கள் பஞ்சாயத்தின் சார்பில் யார் இருக்கிறார், கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது என்று கேட்டு வாருங்கள்.