கணக்கிடம் கேள்வி கேட்போம்

வாழ்நாளெல்லாம் கணக்கியல் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவில் அமைந்த அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறேன்.

வங்கிச் சரிகட்டும் பட்டியலைப் பள்ளியிலேயே போடுகிறோம். ரொக்க ஏடு ஓர் இருப்பைக் காட்டும், வங்கி அறிக்கை வேறொன்றைக் காட்டும். வேறுபாடு ஏன் என்று தேட வேண்டும். தேர்வு முடிந்ததும் இதை மறந்துவிடுகிறோம்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை அந்தப் பாடத்தோடு சேர்த்துப் படியுங்கள். முந்தைய செப்டம்பர் முடிவில் ஏட்டிலிருந்த ரொக்கமும் வங்கியிருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்தக் காலாண்டுக்குச் சொன்ன செயல்பாட்டு லாபம் 649 கோடி. உண்மையில் வந்தது 61 கோடி. வங்கிகளிடம் இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களை அனுப்புவதையும் பதில் பெறுவதையும் தணிக்கையாளர்கள் அந்த நிறுவனத்தின் கையிலேயே விட்டிருந்தார்கள். யாருடைய கணக்கைச் சோதிக்க வேண்டுமோ அவரிடமே சான்று கேட்டார்கள்! பள்ளிப் பாடத்தின் உயிரே அங்கே போய்விட்டது.

ஆய்வும் இப்படி ஒரு பாடக் கேள்வியில்தான் பிறக்கிறது. தேய்மானத்துக்கு ஒரு முறை, சரக்கிருப்புக்கு ஒரு முறை என்று பலவற்றைக் கலந்து கிடைக்கும் நிகர லாபத்துக்குப் பொருளே இல்லை என்று 1960களில் அறிஞர்கள் பலர் வாதிட்டார்கள். ரே பால், ஃபிலிப் பிரவுன் என்ற இரு ஆஸ்திரேலியர்கள் வாதத்தை விட்டுவிட்டு, நியூயார்க் பங்குச் சந்தையின் 261 நிறுவனங்களை எடுத்துப் பார்த்தார்கள். லாபம் எதிர்பார்ப்பை மிஞ்சிய நிறுவனங்களின் பங்குகள், அறிவிப்புக்கு முந்தைய 12 மாதங்களில் சந்தையை விஞ்சி ஏறியிருந்தன. எதிர்பார்ப்பைவிட லாபம் குறைந்தவை பின்தங்கியிருந்தன. ஆக, அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஆனால் ஆண்டறிக்கை வரும்முன்பே அதன் செய்தியில் 85 முதல் 90 விழுக்காட்டைச் சந்தை வேறு வழிகளில் தெரிந்துகொண்டிருந்தது. எனக்கு இந்த இரண்டாம் முடிவுதான் பெரிது. கணக்கியலின் இடத்தையும் எல்லையையும் ஒருசேரக் காட்டியது அது. ‘தி அக்கவுண்டிங் ரிவ்யூ’ ஏற்க மறுத்த அவர்களது ஆய்வுக் கட்டுரை, 1968இல் ‘ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்’ இதழில் வெளிவந்தது. இன்று அதைப் படிக்காமல் யாரும் இத்துறையில் ஆய்வுக்குள் நுழைவதில்லை.

நம் வணிகவியல் துறைகளிலோ ஆய்வு என்றாலே வினாப்பட்டியல்; ‘திருப்தி உண்டா, இல்லையா’ என்று நூறு பேரிடம் கேட்டு முடித்துவிடுகிறோம். பட்டியலிட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் காசில்லாமல் கிடைக்கும் காலம் இது. அவற்றைப் புரட்டாமலே நம் பிள்ளைகள் முனைவர் ஆகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நிறுவனத்தின் ஐந்தாண்டு அறிக்கைகளைக் கொடுங்கள். லாபம் ஏறிய ஆண்டில் தொழிலிலிருந்து ரொக்கமும் வந்ததா என்று மட்டும் கேளுங்கள். இரண்டும் பொருந்தாத அறிக்கைகளைத் தனியே எடுத்து வையுங்கள். ஆய்வு மாணவர்களுக்கு அவை வேண்டும்.