லீவு நாளில் காத்தாடி செய்வோம்



ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்க வீடுகளில் வரவும் நின்றுவிடும். பிள்ளைகளுக்கோ லீவு. அதனால் செலவில்லாமல் வீட்டிலேயே காத்தாடி செய்கிறோம். சதுரமாக வெட்டிய பேப்பர், ரெண்டு விளக்குமாத்துக் குச்சி, சோத்துப் பசை போதும். ஒரு குச்சியை நேராகவும், இன்னொன்றை வில்லாக வளைத்தும் ஒட்டணும். பிள்ளைகளே ஒட்டட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. 2019-இல் கொருக்குப்பேட்டையில் பைக்கில் போன 3 வயதுக் குழந்தையின் கழுத்தை மாஞ்சா நூல் அறுத்தது, உயிரே போய்விட்டது. அந்த நூலை விட்டதும் ஒரு தாயின் பிள்ளைதானே! மாஞ்சாவுக்குத் தடையும் உண்டு. நாமே சாதாரணத் தையல் நூல் கட்டிக் கொடுப்போம். ரோட்டோரம் வேண்டாம், மொட்டை மாடியும் வேண்டாம். திறந்த மணலில் விடட்டும், நாமும் கூட நிற்போம். விளையாடி வந்ததும் மாங்காய், வெல்லம், வேப்பம்பூ போட்ட பச்சடி கொடுப்போம்.