மருந்தாளுநர் ஆக ஏன் ஆசை?



ஐதராபாத்தில் ஜீடிமெட்லா என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே மருந்துத் தொழிற்சாலைகள் பல. அங்கு கூலி வேலை செய்யும் ஒரு தாயின் மகள், “நான் மருந்தாளுநர் ஆவேன்” என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஏன் அந்த ஆசை?

மருந்து செய்தால் மட்டும் போதுமா? பாரசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கும். அதுவே பல பெயர்களில் விற்கிறது. தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறலாம். கல்லீரல் கெடலாம். “இரண்டும் ஒன்றுதான் அம்மா” என்று தடுப்பவர் மருந்தாளுநர்.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படிக்க வேண்டும். பிறகு 2 ஆண்டு டிப்ளமோ, பயிற்சி, பதிவு. மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவு பெற்றவர் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் அப்படிச் சொல்கிறது.

அவள் படிக்கட்டும். நாமும் மாத்திரை அட்டையைப் படிப்போம். புரியாவிட்டால் கேட்போம்.