மறுப்புக் கடிதம் முடிவான தீர்ப்பு அல்ல
(ஆலயச் சமூக நல நாள் நிகழ்ச்சியில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று பேச எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, அரசாங்க உதவிக்கு மனுச் செய்து, அது கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பது. ஆலய மேடையில் இதைப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். அன்னதான வரிசையில் நிற்பவர்களை நாள்தோறும் பார்க்கும் நமக்கு இது புதிய செய்தி அல்ல. சாப்பிட்டு முடித்துவிட்டு, "வீட்டில் ஒருத்தர் இருக்கிறார், ஒரு பொட்டலம் கொடுப்பீர்களா?" என்று மெல்லிய குரலில் கேட்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுடன் உட்கார்ந்து பேசினால், பலருடைய கைப்பையில் மடித்த கடிதம் ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும். "உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை" என்பதே அதன் சாரம்.

அந்தக் கடிதத்தைக் கண்டதும் நம்மவர்கள் செய்வது இரண்டு. ஒன்று, "நம் தலைவிதி" என்று அதை மடித்து வைத்துவிடுவது. மற்றொன்று, கோபத்தில் நான்கு பக்கம் எழுதி அனுப்புவது. இரண்டாலும் பயன் இல்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தக் கடிதம் உங்கள் கஷ்டத்துக்குச் சொன்ன பதில் அல்ல. அலுவலகத்தில் உங்களைப் பற்றி இருந்த தாள்களுக்குச் சொன்ன பதில். ஆகவே எந்தத் தாளில் இருந்த எந்த வரி அந்தப் பதிலைக் கொண்டுவந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நான் பார்த்த மூன்று குடும்பங்களைக் கொண்டு இதை விளக்குகிறேன். பெயர்களைச் சொல்ல மாட்டேன்.

முதல் குடும்பம். கணவருக்குப் பக்கவாதம். அறுபத்தெட்டு வயது மனைவி அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, உணவு ஊட்டிப் பார்த்துக்கொள்கிறார். நம் சிங்கப்பூரில் இப்படி வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டில் இல்லப் பராமரிப்பு மானியம் தொடங்கப்பட்டது. அப்போது மாதம் 200 வெள்ளி. 2023இல் அது உயர்த்தப்பட்டது. குடும்பத்தில் ஒரு நபருக்கான மாத வருமானம் 1,200 வெள்ளிக்குள் இருந்தால் 400 வெள்ளி, அதற்கு மேல் 2,800 வரை இருந்தால் 250 வெள்ளி என்று வகுத்தார்கள். அந்த ஆண்டில்தான் இந்த அம்மா மனுச் செய்தார். வருமானம் அதிகம் என்று மறுப்பு வந்தது.

"ஐயா, அரசாங்கமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. இனி எதுக்கு எழுதணும்?" என்றார் அவர். வீட்டில் சம்பாதிப்பவர் திருமணமாகாத மகள் ஒருவர் மட்டுமே. சம்பளம் 2,400 வெள்ளி. மூவர் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு 800 வெள்ளிதானே வரும்? பிறகு எப்படி அதிகமாகும்?

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கும் சொல்லிக் கொடுத்தவன். விடை தவறாக வந்தால் கேள்வியில் கொடுத்த எண்களைத் திரும்பப் பார் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அதையே இங்கும் செய்தோம். இந்த வருமானக் கணக்கில் ஒரே முகவரியில் பதிவாகியுள்ள குடும்பத்தினரின் வருமானத்தைக் கூட்டி, அவர்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். மகனும் மருமகளும் திருமணமான புதிதில் இவர்களுடன் இருந்தார்கள். பிறகு செங்காங்கில் வீடு கிடைத்துச் சென்றுவிட்டார்கள். ஆனால் அடையாள அட்டையில் முகவரியை மாற்றவில்லை. இருவர் சம்பளமும் சேர்ந்து 13,000 வெள்ளி. மகளின் 2,400ஐக் கூட்டினால் 15,400. ஐந்தால் வகுத்தால் 3,080. வரம்போ 2,800. அதிகாரி மீது குறை இல்லை. அவர் முன்னால் இருந்த ஏட்டில் ஐந்து பேர் இருந்தார்கள்.

வீடு மாறினால் 28 நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். மகனும் மருமகளும் மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு வருமானத்தை மீண்டும் மதிப்பிடும்படி அந்த அம்மா ஒரே பக்கத்தில் எழுதிக் கேட்டார். சில வாரங்களில் மாதம் 400 வெள்ளி என்று முடிவாகியது. இங்கே ஓர் எச்சரிக்கை. உண்மையிலேயே வேறு வீட்டுக்குப் போனவர்கள்தான் முகவரியை மாற்ற வேண்டும். உதவி பெறுவதற்காக ஒரே வீட்டில் இருந்துகொண்டு தாளில் மட்டும் மாற்றுவது குற்றம். அந்த யோசனையோடு யாரும் என்னிடம் வர வேண்டாம்.

இரண்டாவது குடும்பம். இதே மானியத்துக்கு மற்றொரு நிபந்தனை உண்டு. அன்றாடச் செயல்கள் ஆறு. குளித்தல், உடை உடுத்துதல், உண்ணுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல். இவற்றுள் குறைந்தது மூன்றுக்கு ஒருவருக்கு எப்போதும் பிறர் உதவி தேவைப்பட வேண்டும். மதிப்பீடு செய்பவர் நேரில் பார்த்து அறிக்கை எழுதுவார்.

இந்தப் பெரியவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி உழைத்தவர். யாரிடமும் கை நீட்டியதில்லை. மதிப்பீடு செய்ய வந்தவர், "தாத்தா, நீங்களே சட்டை போட்டுக்கொள்வீர்களா?" என்று கேட்டார். "போடுவேன்" என்றார் இவர். "கழிவறைக்குப் போவீர்களா?" "போவேன்." மகள் பக்கத்தில் நின்றார். அப்பாவை அந்நியர் முன்னால் மறுத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு செயல்களுக்கு மட்டுமே உதவி தேவை என்று அறிக்கை போயிற்று. மறுப்பு வந்தது.

தாய்மார்களே, நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் இப்படித்தான். டாக்டரைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். அது அவர்களுடைய தன்மானம். அதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அறிக்கையில் உண்மை இருக்க வேண்டும். அந்த மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, ஏழு நாட்கள் எழுதச் சொன்னேன். எத்தனை மணிக்கு, எந்த வேலைக்கு, யார் உதவினார்கள் என்று. இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குத் தூக்கிச் சென்றது, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது, எல்லாம் அதில் ஏறியது. பெரியவரிடமும் தனியாகப் பேசினேன். "நீங்கள் முடியும் என்று சொல்வதால் உங்கள் மகளின் முதுகுதான் உடைகிறது" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, சொல்லுறேன்" என்றார். மறுமதிப்பீட்டில் அந்த நோட்டுப் புத்தகத்தையும் மருத்துவமனைக் குறிப்பையும் காட்டினார்கள். நான்கு செயல்களுக்கு உதவி தேவை என்று அறிக்கை வந்தது. மானியமும் கிடைத்தது.

மூன்றாவது குடும்பத்துக்கு மேல்முறையீடு வெற்றி தரவில்லை. அதையும் சொல்வதுதான் நேர்மை. 2016இல் தொடங்கிய சில்வர் சப்போர்ட் திட்டம், வாழ்நாளில் குறைந்த சம்பளம் பெற்ற முதியவர்களுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பணம் கொடுக்கிறது. அதற்கு விண்ணப்பமே தேவை இல்லை. மத்திய சேம நிதிக் கழகம் பதிவேடுகளைப் பார்த்துத் தகுதி உள்ளவர்களுக்குத் தானே தெரிவிக்கும். ஒரு பெரியவருக்கு அந்தக் கடிதம் வரவில்லை. இரண்டு முறை முறையிட்டார். இரண்டு முறையும் இல்லை என்றே பதில். காரணம், அவரும் மனைவியும் ஐந்தறை வீட்டின் உரிமையாளர்கள். ஐந்தறை வீட்டில் பிள்ளைகளோடு குடியிருக்கலாம். ஆனால் தாமே அதற்கு உரிமையாளராக இருந்தால் இந்தத் திட்டத்தில் இடமில்லை. பதிவேட்டில் தவறு இல்லை. அப்படியானால் மூன்றாவது மனு எழுதுவது காகிதத்துக்கும் காலத்துக்கும் நட்டம்.

அவருக்கு வேறு கதவைக் காட்டினோம். வீட்டுக் குத்தகைக் காலத்தின் பிற்பகுதியை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமே விற்றுவிட்டு, அதே வீட்டில் தொடர்ந்து வாழும் திட்டம் 2009 முதல் உண்டு. 2019 முதல் ஐந்தறை வீடுகளும் அதில் சேர்ந்தன. விற்ற தொகை சேம நிதிக்குச் சென்று மாத வருமானமாகத் திரும்பி வரும். குடும்பமாக உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ய வேண்டிய காரியம் அது. அவர்கள் யோசித்து வருகிறார்கள்.

இந்த மூன்றிலிருந்தும் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, கடிதத்தை வீசிவிடாதீர்கள். திட்டத்தின் பெயர், குறிப்பு எண், தேதி ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அதில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த நிபந்தனை நிறைவேறவில்லை? எந்தப் பதிவைப் பார்த்து அப்படி முடிவு செய்தீர்கள்? மறுபரிசீலனை கேட்க வழி என்ன, கடைசி நாள் எது? பதில் சொன்னவரின் பெயரையும் எழுதி வையுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். ஆங்கிலம் சிரமம் என்றால் படித்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அவர்கள் பார்த்த பதிவையும் இன்றைய உண்மையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை போயிருக்கலாம். சம்பளம் குறைந்திருக்கலாம். நோய் முற்றியிருக்கலாம். மாறியது எதுவோ அதற்குச் சான்று தேடுங்கள். வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, சேம நிதிக் கணக்கு, மருத்துவ அறிக்கை போன்றவை.

நான்காவது, மனுவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நான் யார், எது மறுக்கப்பட்டது, எது மாறியுள்ளது அல்லது தவறாக உள்ளது, இணைத்துள்ள சான்றுகள் என்ன, என் வேண்டுகோள் என்ன. இந்த ஐந்தும் போதும். நகல் ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பதில் வரும்வரை பட்டினி கிடக்க வேண்டாம். 2005இல் தொடங்கிய காம்கேர் உதவிக்கு, 2013 முதல் வட்டாரங்களில் அமைந்துள்ள சமூக சேவை அலுவலகங்களை நாடலாம். 1800-222-0000 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அங்கே வருமான வரம்பைச் சற்றுத் தாண்டியவர்களின் குடும்பச் சூழ்நிலையையும் கருத்தில் கொள்கிறார்கள். ஆகவே நீங்களாகவே கணக்குப் போட்டு, கிடைக்காது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போகலாம். அவர் உங்களுக்காகக் கடிதம் எழுதுவார். ஆனால் சான்று இல்லாத மனுவுக்கு யார் கடிதம் எழுதினாலும் அது பாதி மனுதான். மேல்முறையீடு செய்ய யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கேட்பவர் இருந்தால் விலகி வந்துவிடுங்கள். நான் சொன்ன தொகைகளும் வரம்புகளும் அவ்வப்போது மாற்றப்படுபவை. நீங்கள் மனுச் செய்யும் நாளில் நடப்பில் இருப்பதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்குப் பந்தல் போட நீங்கள் வருகிறீர்கள், மகிழ்ச்சி. அன்னதானத்துக்குப் பின் ஒரு மணி நேரம், ஒரு மேசையில் உட்கார்ந்து, பெரியவர்களின் கடிதங்களைத் தமிழில் படித்துச் சொல்ல உங்களில் நான்கு பேர் வந்தால் போதும். உங்களுக்கு அது பத்து நிமிட வேலை. அந்தக் கடிதத்தை மாதக்கணக்கில் பைக்குள் வைத்திருக்கும் ஒரு தாய்க்கு அது பெரிய ஆறுதல். அவர் கேட்பது பிச்சை அல்ல. தகுதி இருந்தால் பெறவேண்டியது, தகுதி இல்லை என்றால் காரணம் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தத் தெளிவைக் கொடுப்பதும் இறைபணியே.