நாவிழந்த நகரின் எழுத்து
(இலக்கியப் பொழிவு ஒன்றன் எழுத்து வடிவம்)

 

நாட்டைப் பறித்தவன் நாவையும் பறித்துவிட்டால், அவ்வினத்தில் தோன்றும் எழுத்தாளன் எம்மொழியில் அழுவான்? எம்மொழியில் சிரிப்பான்? இவ்வினாவிற்கு விடை காண, அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினை நோக்குவோம்.

1801இல் டப்ளினின் நாடாளுமன்றம் ஒழிக்கப்பட்டு, சட்டமியற்றும் உரிமை இலண்டனுக்குச் சென்றது. 1831 முதல் தோன்றிய அரசுப் பள்ளிகள் ஆங்கிலத்தையே கற்பித்தன. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலக்கம் பேர் மாண்டனர். மேலும் 10 இலக்கம் பேர் கப்பலேறினர். அவருள் ஐரிசு மொழி பேசிய ஏழை உழவர் மிகப் பலர். அம்மொழி தானே தேயவில்லை, தோழர்களே! தேய்க்கப்பட்டது!

இந்நகரில் 1882இல் பிறந்தவர் சேம்சு சாய்சு. கதைமாந்தரின் உள்ளத்து ஓட்டத்தையே கதையாக்கும் நனவோடை முறையை உயர்நிலைக்குக் கொணர்ந்த புத்திலக்கிய முன்னோடி அவர். ஆயினும், அப்புதுமைக்குள் ஓர் அடிமை நகரின் புண் வலித்துக்கொண்டே இருக்கின்றது.

1916இல் நூலாக வந்த அவருடைய முதற்புதினத்தில், விளக்கிற்கு எண்ணெய் ஊற்றும் வைத்தூற்றியின் பெயர்பற்றி ஓர் ஆங்கிலேய ஆசிரியரும் ஐரிசு மாணவனும் உரையாடுகின்றனர். மாணவன் சொன்ன சொல்லை ஆசிரியர் அறியார். அதனை அயர்லாந்துச் சொல்லென எண்ணுகின்றார். தான் பேசும் மொழி முதற்கண் அவருடையது, தனக்கோ அஃது இரவல் என்று மாணவன் உள்ளம் குமைகின்றான். பின்னர் அகரமுதலியைப் புரட்டினால், அது நல்ல ஆங்கிலச் சொல்லே! ஆண்டவனைவிட அடிமை அவன் மொழியை நன்கறிந்தும் அஃது அடிமைக்குச் சொந்தமாகவில்லை.

1922இல் பாரிசில் வெளியான 'யூலிசிசு' 1904 சூன் 16 என்னும் ஒரே நாளின் கதை. அதன் தொடக்கத்தில் ஓர் ஆங்கிலேயன் பால்விற்கும் ஐரிசு மூதாட்டியிடம் ஐரிசில் பேசுகின்றான். அவளோ அதனைப் பிரெஞ்சு மொழியோ என வினவுகின்றாள்! தன் தாய்மொழியைத் தன்னை ஆள்பவன் வாயிற் கேட்டும் அடையாளம் அறியாத அம்மூதாட்டியைவிடப் பெரிய இழவு எவ்வினத்திற்கு வேண்டும்?

அந்நூலே மற்றோர் உண்மையையும் உரைக்கின்றது. அதன் தலைவர் புளூம் யூத வழியினர். மதுக்கடையில் நாட்டுப்பற்றை முழங்கும் ஒருவன் அவருடைய நாடு எதுவென இழித்து வினவ, தாம் பிறந்த அயர்லாந்தே தம் நாடென்கின்றார் புளூம். மண்ணைத் தனதென்று நேசிப்பவனை வெறுத்தொதுக்குவது மொழிப்பற்று ஆகாது. பகைவன் கற்பித்த செருக்கே அது.

சாய்சும் ஐரிசு கற்கத் தொடங்கி இடையில் விட்டவரே. இரவல் மொழியை உடைத்தும் வளைத்தும் உலகை வியக்கவைத்தார். தம் மூதாட்டியின் நாவை அவரால் மீட்டுத்தர இயலவில்லை. அரசாலும் எளிதில் இயலவில்லை. 1937 அரசியலமைப்பு ஐரிசை முதல் ஆட்சிமொழியாக்கியது. ஆயினும், 2022 கணக்கெடுப்பின்படி, 50 இலக்கத்திற்கு மேற்பட்ட மக்களுள் பள்ளிக்கு வெளியே அதனை நாளும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே!

இழந்த கொடியை ஒரே நாளில் ஏற்றிவிடலாம். இழந்த மொழியை ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு தாயின் வாயிலும், ஒவ்வொரு சொல்லாகத்தான் மீட்க வேண்டும். நாவில் இருக்கும்போதே மொழியைக் காப்போம்!