பைக்கில் புதுச் சத்தமா? இன்ஜினைப் பிரிக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பார்க்கிங்கில் காரைவிட பைக்தான் அதிகம். மில் ஷிப்டுக்குப் போகிறவர்கள், தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் கால். நான் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பிட்டராக இருந்தவன். அத்தனை ஸ்பிண்டில் இரைச்சலுக்கு நடுவே கெட்டுப்போன ஒரு பேரிங்கைக் காதால்தான் பிடிப்போம். அதே வேலைதான் பைக்கிலும்.

நம் பி பிளாக் தம்பி ஒருவருடைய 100 சி.சி. வண்டியில் 'கடக் கடக்' என்று சத்தம் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். "இன்ஜின் போச்சு, இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போகிற வேலை. என்னிடம் வந்தார். வண்டியை மெயின் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் ஆக்சிலேட்டரைத் திருகினேன். சத்தமே இல்லை. சத்தம் இன்ஜினுடையது என்றால் நின்றபடி திருகினாலும் பெரும்பாலும் கேட்கும். பிறகு ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, இன்ஜின் ஓடும்போதே கிளட்சைப் பிடித்து உருளவிட்டுப் பார்க்கச் சொன்னேன். இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் நிற்கவில்லை. சக்கரத்தோடு சேர்ந்துதான் குறைந்தது. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? செயின் கவரைக் கழற்றினோம். செயின் காய்ந்து தொங்குகிறது, பின் ஸ்பிராக்கெட் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருக்கின்றன. செயின் செட் மாற்றியதும் சத்தம் போய்விட்டது.

பணம் மிச்சமானது ஒரு பக்கம். அந்தச் செயின் தென்காசி ரோட்டில், பின்னால் பஸ் வரும்போது கழன்று சக்கரத்தைப் பிடித்திருந்தால்? சத்தத்தை விரட்டுகிற வண்டி ஓட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

அதனால் சத்தம் வந்தால் 'எங்கே' என்பதற்கு முன்னால் 'எப்போது' என்று கேளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, சூடானதும் குறைகிறதா? பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். அவசரமில்லை, கவனித்து வாருங்கள். நியூட்ரலில் நிற்கும்போது வருகிற சத்தம், கிளட்சை அமுக்கினால் மாறுகிறதா? கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். நம் பேஸ்மென்ட் சரிவில் டாப் கியரிலேயே ஏறும்போது மட்டும் 'கிணி கிணி' என்று அடிக்கிறதா? கியரைக் குறையுங்கள். அப்படியும் வந்தால் உள்ளே கரி படிந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

ஹெட்டிலிருந்து ஒரே தாளத்தில் 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் டேப்பட். அங்கே விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ஃபில்லர் கேஜ் வைத்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். "சத்தமே வராம டைட் பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டேப்பட் லூசாக இருந்தால் சத்தம்தான்; ரொம்ப டைட்டாக இருந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகிப்போகும், அதற்குச் சத்தமே வராது. பழைய டூ ஸ்ட்ரோக் ஆர்.எக்ஸ்.100, டி.வி.எஸ். 50 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் டேப்பட்டே கிடையாது. பில்லில் 'டேப்பட் செட்டிங்' என்று இருந்தால் காசு கொடுக்கும் முன் கேளுங்கள். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர்தான். அதுவே லேசாக டிக்டிக்கும். சாவி போட்டதும் 'ஊய்' என்று இரண்டு விநாடி கேட்பது பெட்ரோல் பம்ப். பயப்பட வேண்டாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் வையுங்கள். ஹெட், பிளாக், கிளட்ச் கவர் என்று நகர்த்தினால் எங்கே பலமாகக் கேட்கிறது என்று தெரியும். செயினும் சக்கரமும் சுற்றுகிற பக்கம் வேண்டாம்; வேட்டி, துப்பட்டா எல்லாம் தள்ளியே இருக்கட்டும். சத்தம் வேறெங்கிருந்தோ வரலாம்: சைலன்சர் ஜாயின்ட், நம்பர் பிளேட், ஸ்டாண்டு ஸ்பிரிங், இன்ஜின் மவுன்டிங் போல்ட்டு. இவற்றை முதலில் கையால் ஆட்டிப் பாருங்கள், செலவில்லை. சைலன்சர் மட்டும் ஆறிய பிறகு.

ஒரு சத்தத்துக்கு மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று, திருகத் திருகக் கூடினால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். கிருஷ்ணன்கோவில் தாண்டி நடு ராத்திரியாக இருந்தாலும் சரி, "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டாதீர்கள். ஓடும்போது இன்ஜின் பிடித்துக்கொண்டால் பின் சக்கரமும் நின்றுவிடும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஆயில் குறைவுதான். 100 சி.சி. வண்டியில் இருப்பதே சுமார் ஒரு லிட்டர். கால் லிட்டர் குறைந்தாலே நம் ஊர் வெயிலில் இன்ஜினுக்குக் கஷ்டம். சமதளத்தில் மெயின் ஸ்டாண்டு போட்டு, சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அதைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று கையேட்டில் இருக்கும்.

கடைசியாக, இந்தச் சோதனை எதையும் பேஸ்மென்டில் செய்யாதீர்கள். சுவரில் எதிரொலித்துக் காது ஏமாறும் என்பது சின்னக் காரணம். புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, காற்று ஓடாத இடத்தில் ஆளையே சாய்த்துவிடும் என்பதுதான் பெரிய காரணம்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்பேன். சத்தம் வருகிற வண்டி வைத்திருப்பவர்கள் வாருங்கள். தள்ளிக்கொண்டே வாருங்கள், ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். குளிர்ந்த இன்ஜின் போடுகிற முதல் சத்தம்தான் எனக்கு வேண்டும்.